குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு சிவில் சட்ட உதவி: போலீஸ் புகாருக்கு அப்புறம் செய்ய வேண்டியவை

போலீஸில் புகார் கொடுத்தாயிற்று, எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று, ஆளையும் பிடித்துவிட்டார்கள். 'இனிமேல் கோர்ட் பார்த்துக்கொள்ளும்' என்று பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்தில் காத்திருக்கத் தொடங்குகின்றன. குற்றவியல் கோர்ட் முக்கியமாகப் பார்ப்பது, குற்றம் நிரூபணமாகிறதா, தண்டனை கொடுக்கலாமா என்பதைத்தான். அந்த வழக்கை நடத்துவதும் அரசு, நீங்கள் அதில் சாட்சி. ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடன், அடித்து விரட்டிவிட்டுப் பூட்டிக்கொண்ட வீடு, குழந்தை யாரிடம் இருப்பது, ஏமாற்றி எழுதி வாங்கிய பத்திரம், வேலைக்குப் போக முடியாமல் போன மாதங்களின் சம்பளம் எல்லாம் சிவில் விவகாரங்கள். நீங்களாகப் போய்க் கேட்டால் ஒழிய யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள்.

இந்த வழிகாட்டி இந்தியாவில், அதிலும் தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சிவில் உரிமைகளில் பல 3 ஆண்டில், சில 1 ஆண்டில், ஒன்றிரண்டு 6 மாதத்திலேயே காலாவதியாகிவிடும். இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்தச் சட்டத்தில் தடை இல்லை.

இன்னொன்று. எதிராளி குற்ற வழக்கில் விடுதலையாகிவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைப்பவர்கள் அதிகம். தண்டனை கொடுக்க நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். சிவில் வழக்கில் யார் பக்கம் உண்மை இருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தாலே போதும். அதனால் அங்கே தோற்ற விஷயம் இங்கே ஜெயிக்கலாம்.

படி 1: காகிதங்களைக் கையில் எடுங்கள்

முதலில் எஃப்.ஐ.ஆர். நகல். இதை இலவசமாகத் தர வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது இந்தச் சட்டம்தான். புகார் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவருக்கும் நகல் உண்டு என்று இது வெளிப்படையாகச் சொல்கிறது. எந்த ஸ்டேஷன் எல்லையில் சம்பவம் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம்.

நம் ஊர் ஸ்டேஷன்களில் எஃப்.ஐ.ஆருக்குப் பதிலாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவது சகஜம். சி.எஸ்.ஆர். என்பது 'உங்கள் மனு வந்தது' என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்குப் பதிவாகிவிட்டது என்று அதை வைத்து நம்பிவிடாதீர்கள். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்ய போலீசுக்கு அதிகாரம் உண்டு. அதைத் தாண்டியும் இழுத்தடித்தாலோ, பதிய மறுத்தாலோ எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்புங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள், பின்னால் எதற்கும் அது முதல் சான்று.

அடுத்தது மருத்துவக் காகிதம். அரசு ஆஸ்பத்திரியில் போடும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவின் நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு மருந்துக் கடை பில், ஆட்டோவுக்குக் கொடுத்த காசின் குறிப்பு வரை. பாலியல் குற்றம், ஆசிட் வீச்சு ஆகியவற்றில் அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ உடனடி சிகிச்சையை இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும், இது அதே சன்ஹிதாவின் 397-வது பிரிவு. 'போலீஸ் வரட்டும்' என்று காத்திருக்க வைக்கவும் கூடாது.

அப்புறம் ஒரு சாதாரண நோட்டு. சம்பவத் தேதி, எந்த ஸ்டேஷன், குற்ற எண், விசாரணை அதிகாரி பெயர், யாரிடம் என்ன பேசினோம், எவ்வளவு செலவானது, எத்தனை நாள் வேலை போனது என்று எழுதி வையுங்கள். இழப்பீட்டுத் தொகையைத் தீர்மானிக்கும்போது 'பெரிய நஷ்டம்' என்ற வார்த்தை ஒரு பைசா கூடப் பெற்றுத் தராது. தேதி போட்ட கணக்கு பெற்றுத் தரும். வாட்ஸ்அப் செய்திகள், அழைப்புப் பதிவுகள் இருந்தால் அந்த போனையே பத்திரமாக வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு போனை விற்றவர்கள் நீதிமன்றத்தில் திண்டாடுகிறார்கள்.

படி 2: இலவச சட்ட உதவிக்கு நீங்கள் தகுதியா?

நீதிமன்ற வளாகத்துக்குள் பலரும் கவனிக்காத ஒரு போர்டு இருக்கும்: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. மக்கள் பேச்சில் லீகல் எய்டு, இலவச சட்ட மையம். தாலுகா கோர்ட்டுகளில் வட்ட சட்டப் பணிகள் குழு, சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்றத்துக்கென்று தனிக் குழு. இவை எல்லாம் 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. அந்தச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது.

யாருக்கு இலவசம் என்பதை 12-வது பிரிவு சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலாலோ கொத்தடிமை முறையாலோ பாதிக்கப்பட்டவர்கள், சாதிக் கொடுமையிலோ கலவரத்திலோ பேரிடரிலோ சிக்கியவர்கள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள். இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மாதம் லட்ச ரூபாய் சம்பளம் வாங்கும் பெண்ணும் கேட்கலாம். 'உங்களுக்கு வசதி இருக்கிறதே, வெளியே வக்கீல் பாருங்கள்' என்று யாராவது சொன்னால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

ஒரு சிக்கல் இதில் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. 'குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்' என்ற தனி வகை அந்தப் பட்டியலில் இல்லை. கத்திக்குத்துக்கு ஆளான நாற்பது வயது ஆண், மேலே சொன்ன எந்த வகையிலும் வரவில்லை என்றால், மாநில அரசு நிர்ணயித்த வருமான வரம்புக்குள் இருந்தால்தான் இலவச வக்கீல் கிடைப்பார். வருமானத்துக்கு உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். ஆனால் படி 4-ல் வரும் இழப்பீட்டு மனுவுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. அதை யார் வேண்டுமானாலும் போடலாம்.

தகுதி இருந்தால் எவையெல்லாம் இலவசம்? வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்பும் கட்டணம், மனு எழுதும் செலவு, சான்றிட்ட நகல், மொழிபெயர்ப்பு. மேல்முறையீட்டுக்கும் கிடைக்கும்.

படி 3: அலுவலகத்தில் போய் எப்படிக் கேட்பது

ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாலே மனு. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், அங்கிருப்பவரோ சட்டத் தன்னார்வலரோ எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற தேசிய எண்ணில் பேசலாம், ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். என் அபிப்பிராயத்தில், முடிந்தால் நேரில் போவதே நல்லது. செயலாளராக இருப்பவர் ஒரு நீதிபதி. அவரை ஐந்து நிமிடம் பார்த்துப் பேசினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மனுவில் 'எனக்கு நியாயம் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியாது. என்ன நடந்தது என்று நான்கு வரி, குற்ற எண், அப்புறம் உங்களுக்கு வேண்டியது: 'வீட்டில் தங்கும் உத்தரவு வேண்டும், குழந்தையின் பாதுகாப்பு வேண்டும், மாதச் செலவுக்குப் பணம் வேண்டும், இழப்பீட்டு மனு போட வேண்டும்' என்று தனித்தனியாக. ஒவ்வொன்றும் வேறு வேறு மனுவாக மாறக்கூடியது.

மனு மீது உடனடியாக, அதிகபட்சம் 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2010-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, அதே அமைப்பின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். மாவட்டத்தில் அந்தத் தலைவர் மாவட்ட நீதிபதிதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதே ஆணைக்குழு குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் வக்கீல் தருகிறது. அதற்கென்றே முழுநேரமாக வேலை செய்யும் சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்றால் உங்களுக்கு வர வேண்டியவர் பட்டியல் வழக்கறிஞர், அதாவது பேனல் வக்கீல். எதிராளியும் லீகல் எய்டில்தான் வக்கீல் வைத்திருக்கிறார் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரே கூரையின் கீழ் இரு தரப்பும் இருப்பது தவறில்லை, ஆனால் உங்கள் காகிதங்கள் யார் கைக்குப் போகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வக்கீல் கிடைத்தபின் வக்காலத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். அவர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது, 'டைப்பிங் செலவு' என்ற பெயரிலும் கூடாது. கேட்டாலோ, வாய்தாவுக்கு வராமல் இருந்தாலோ, போனை எடுக்காமல் இருந்தாலோ செயலாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பேனல் வக்கீல்களைக் கண்காணிக்கத் தனிக் குழு உண்டு, வேறு வக்கீல் மாற்றித் தரச் சொல்லவும் உரிமை உண்டு. பேனல் வக்கீல் என்றாலே சுமார் என்ற எண்ணம் வெளியே இருக்கிறது. நல்லவர்களும் இருக்கிறார்கள், அலட்சியமானவர்களும் இருக்கிறார்கள், காசு கொடுத்து வைக்கும் வக்கீல்களைப் போலவே.

படி 4: இழப்பீட்டு மனு

இதுதான் அதிகம் பேர் தவறவிடும் பணம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-வது பிரிவின்படி (பழைய சட்டத்தில் 357ஏ) பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வைத்திருக்க வேண்டும். குற்றவாளி பணம் தருவதில்லை, அரசு தருகிறது. அதனால் குற்றவாளி ஏழையா, தப்பியோடியவனா என்பது கேள்வியே இல்லை. ஆள் அகப்படவே இல்லை, வழக்கு விசாரணைக்கே வரவில்லை என்றாலும் நீங்களோ, உங்களை நம்பி இருப்பவர்களோ நேரடியாக மாவட்ட ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். அவர்கள் 2 மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும்.

பெண்களுக்கென்று தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018-ல் தயாரித்த திட்டம் தனியாக இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு 2018 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. ஆசிட் வீச்சில் முதல் 1 லட்சம் 15 நாளுக்குள் வர வேண்டும். மனு போட 3 ஆண்டு கால வரம்பு. நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம்.

'இடைக்கால இழப்பீடு' என்ற இரண்டு வார்த்தைகளை மனுவில் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் சிகிச்சைக்கும் உடனடிச் செலவுக்கும் ஒரு பகுதியை முன்கூட்டியே தர முடியும். அதைக் கேட்காமல் விடுவதால்தான் பலருக்கு வருவதில்லை. பெரிய தொகை வந்தால் பெரும்பகுதியை நிரந்தர வைப்பில் போட்டுவிட்டு மீதியை மட்டும் கையில் தருவார்கள். இதையும் முன்பே தெரிந்துகொண்டால் அதை நம்பிக் கடன் வாங்காமல் இருக்கலாம்.

சில வகைகளுக்கு வாசல் வேறு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்றால் போக்சோ சிறப்பு நீதிமன்றமே, விசாரணை நடக்கும்போதே இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு பணம் கட்ட வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு விதி. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு என்றால் நிவாரணம் மாவட்ட நிர்வாகத்திலிருந்து வரும். எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் ஒரு பகுதி, குற்றப்பத்திரிகை கட்டத்தில் ஒரு பகுதி என்று பிரித்துத் தருவார்கள். உடனடி உதவியை 7 நாளுக்குள் தர விதி இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சாட்சி சொல்ல வரும் நாட்களுக்குப் பயணப்படியும் அந்தச் சட்டத்தில் உண்டு.

அரசிடம் இழப்பீடு வாங்கினால் எதிராளி மீது சிவில் வழக்கு போட முடியாதே என்ற பயம் வேண்டாம். போடலாம். குற்றவியல் நீதிமன்றம் எதிராளியிடமிருந்து வாங்கிக் கொடுத்த தொகை ஏதாவது இருந்தால், சிவில் நீதிமன்றம் தொகையை நிர்ணயிக்கும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

படி 5: உங்கள் பிரச்சினைக்கு எந்த வாசல்

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சட்டம் இங்கேதான் கொஞ்சம் தாராளமாக இருக்கிறது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்தாலும், அது தரும் தீர்வுகள் எல்லாம் சிவில் தீர்வுகள். அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் தங்கும் உத்தரவு, பணம், குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு, மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகிய அனைத்தையும் 12-வது பிரிவின் கீழ் ஒரே மனுவில் கேட்கலாம். வீடு கணவன் பெயரில் இருந்தாலும் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை உண்டு. பெற்றோர் வீட்டிலோ தோழி வீட்டிலோ தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்த ஊர் கோர்ட்டிலேயே போடலாம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வர வேண்டும், 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் 60 நாள் என்பது அபூர்வம். அதனால் 23-வது பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள், எதிராளி வராவிட்டாலும் கொடுக்க முடியும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 1 ஆண்டு வரை சிறை. மாதப் பணத்தைக் கணவன் கட்டவில்லை என்றால் சம்பளத்திலிருந்து நேரடியாகத் தரச் சொல்லி அவர் வேலை செய்யும் இடத்துக்கே மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.

மனுவை நீங்களே போடலாம். இல்லையென்றால் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தால் அவர் அறிக்கை தயாரித்து கோர்ட்டுக்கு அனுப்புவார். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தாலும், சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போனாலும் வழி காட்டுவார்கள். அந்த மையத்தில் சில நாள் தங்கவும் இடம் உண்டு.

வயதான பெற்றோரை அடித்து, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்தியிருந்தால் சிவில் கோர்ட் பக்கமே போகாமல் கோட்டாட்சியரிடம் போகலாம். 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அவர்தான் தீர்ப்பாயம். 'எங்களைக் கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையில்தான் எழுதிக் கொடுத்தோம்' என்றால் 23-வது பிரிவில் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

வீட்டையோ நிலத்தையோ ஆள் வைத்துப் பறித்திருந்தால், வெளியேற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் குறிப்பிட்ட தீர்வுச் சட்டம் 6-வது பிரிவில் வழக்குப் போடுங்கள். யாருக்கு உரிமை என்ற பெரிய சண்டைக்குள் போகாமல், நீங்கள் அனுபவத்தில் இருந்தீர்கள், சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றினார்கள் என்பதைக் காட்டினாலே திரும்பக் கிடைக்கும். 6 மாதம் தாண்டினால் உரிமையை நிரூபிக்கும் நீண்ட வழக்குதான். போலிப் பத்திரம் என்றால் அதை ரத்து செய்யும் வழக்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள்.

நிதி நிறுவன மோசடியில் பணம் போயிருந்தால் தனியாக சிவில் வழக்குப் போட்டு அலைவதைவிடப் பொருளாதாரக் குற்றப் பிரிவில் உங்கள் பெயரையும் தொகையையும் பதிவு செய்வதுதான் முதல் வேலை. 1997-ம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், மக்கள் பேச்சில் டான்பிட், நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி விற்றுப் பங்கிட வழி செய்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பங்கில் இடம் கிடைப்பது கடினம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வங்கிக் கணக்கில் பணம் முடக்கப்பட்டால் அதைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவில் மனு போட வேண்டும், தானாக வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-வது பிரிவில், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் முன்பும் 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கேட்கலாம். இந்த வாசல் இருப்பது வக்கீல்களிலேயே பலருக்குத் தெரியாது.

திருட்டில் போன நகையோ வண்டியோ மீட்கப்பட்டால் அதுவும் அப்படித்தான். வழக்கு முடியும்வரை ஸ்டேஷனில் துருப்பிடிக்க விடாமல், போட்டோ எடுத்துவிட்டு உங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி மனு போடலாம்.

சாலை விபத்துக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. வண்டி எதுவென்றே தெரியாமல் ஓடிவிட்டால் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்றால் உள்ளகக் குழுவில் 3 மாதத்துக்குள் புகார். குழு இல்லாத சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு.

இவை எதிலும் அடங்காத அடிதடி, காயம், மிரட்டல், நஷ்டம் என்றால் சாதாரண சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்கு. கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் உண்டு. லீகல் எய்டு தகுதி இல்லை, கையிலும் காசு இல்லை என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-வது ஆணையில் 'வறியவர்' என்று மனு போட்டுக் கட்டணம் இல்லாமல் வழக்கைத் தொடங்கலாம். எதிராளி சொத்தை விற்றுவிட்டு ஓடப் பார்க்கிறார் என்று காட்ட முடிந்தால் 38-வது ஆணையில், தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கி வைக்கக் கேட்கலாம். இதை வழக்குப் போடும் அன்றே யோசிக்க வேண்டும், தீர்ப்பு வந்த அன்று அல்ல.

படி 6: நாட்களை எண்ணுங்கள்

மேலே சொன்ன காலவரம்புகளோடு இன்னும் சில. பொதுவான நஷ்டஈட்டு வழக்குக்கு 3 ஆண்டு. சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கும், அவதூறுக்கும் 1 ஆண்டு மட்டும். குடும்பத்தில் ஒருவரைக் கொன்றுவிட்டார்கள் என்றால் 1855-ம் ஆண்டின் மரண விபத்துச் சட்டத்தின் கீழ் வாரிசுகள் கேட்கும் இழப்பீட்டுக்கு, இறந்த நாளிலிருந்து 2 ஆண்டு. பெயரில் விபத்து என்று இருந்தாலும் கொலைக்கும் பொருந்தும்.

பாதிக்கப்பட்டவர் மைனர் என்றால் 18 வயது ஆனபின்புதான் காலம் ஓடத் தொடங்கும். மோசடியை மறைத்திருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்து. இந்தச் சலுகைகளை நம்பி உட்கார வேண்டாம், எப்போது தெரிந்தது என்பதையே எதிர்த்தரப்பு பெரிய சண்டையாக்கும்.

படி 7: குற்ற வழக்கையும் விட்டுவிடாதீர்கள்

அங்கே சேரும் சான்றுகள்தான் சிவில் வழக்குக்கு உணவு. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை. நீதிமன்றத்தில் உங்களுக்கென்று வக்கீல் இருந்தால் குற்றப்பத்திரிகை, வாக்குமூலங்களின் நகல்கள் உங்களுக்கும் தரப்பட வேண்டும். அந்த வக்கீல் அரசு வழக்கறிஞருக்கு உதவியாக இருக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். அரசு வழக்கை வாபஸ் வாங்க நினைத்தால் உங்களைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து நீங்களே மேல்முறையீடு செய்யலாம்.

மிரட்டல் வந்தால், 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. வக்கீல் மூலம் மனு போட்டால் போலீஸ் அபாய அறிக்கை தரும், அதன் பேரில் பாதுகாப்பு. பாலியல் குற்றம் என்றால் சிவில் மனுவிலும் உங்கள் பெயர், முகவரி வெளியே தெரியாதபடி தாக்கல் செய்யச் சொல்லி வக்கீலிடம் முதலிலேயே பேசுங்கள்.

படி 8: சமாதானம் பேச வந்தால்

எங்கே பேசுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஸ்டேஷனில், கட்சி ஆபீசில், ஊர்ப் பெரியவர் வீட்டில் நடக்கும் கட்டப் பஞ்சாயத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. அங்கே எழுதி வாங்கும் 'இனி எந்தப் புகாரும் இல்லை' என்ற வெள்ளைத் தாள் மட்டும் நாளை உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். படிக்காமல், உங்கள் வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மக்கள் நீதிமன்றம் என்ற லோக் அதாலத் வேறு. சொத்து, பணம், விபத்து இழப்பீடு போன்றவற்றுக்கு அது நல்ல வழி. கட்டணம் இல்லை, ஏற்கெனவே கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும். ஆனால் அங்கே முடிந்தது முடிந்ததுதான், மேல்முறையீடு கிடையாது. அதனால் தொகையை மட்டும் பேசாமல் எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில், தவணை தவறினால் என்ன என்பதையும் உத்தரவில் எழுத வையுங்கள். எதிராளியைப் பார்த்தாலே நடுங்கும் நிலையில் இருப்பவரை ஒரே மேஜையில் உட்கார வைக்கச் சட்டம் வற்புறுத்தாது. 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம்.

படி 9: தீர்ப்பைப் பணமாக்குவது

தீர்ப்பு நகல் கையில் வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. எதிராளி தானாகக் கொடுக்கவில்லை என்றால், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட வேண்டும். பண டிகிரிக்கு, அதாவது பணம் தரச் சொல்லும் தீர்ப்பாணைக்கு, 12 ஆண்டு வரை அவகாசம் உண்டு என்றாலும் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், சொத்துகள் கை மாறுவது அந்த இடைவெளியில்தான். எதிராளியின் வங்கிக் கிளை, பட்டா எண், வண்டி எண், வேலை செய்யும் இடம் ஆகிய விவரங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியவர் நீங்கள், நீதிமன்றம் தேடாது. அதனால்தான் முதல் நாளிலிருந்தே அந்த நோட்டில் ஒரு பக்கத்தை இதற்கென்று ஒதுக்கச் சொல்வேன். சம்பளக்காரர் என்றால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக எஞ்சியதை ஜப்தி செய்யலாம். ஜீவனாம்ச டிகிரி என்றால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அவருக்கு விட்டுவிட்டு மீதியைப் பிடிக்கலாம். இந்த மனுவுக்கும் லீகல் எய்டு வக்கீல் கிடைப்பார். வழக்கு முடிந்ததும் கோப்பை மூடிவிடப் பார்ப்பார்கள், நிறைவேற்று மனுவுக்குப் புதிதாக ஒரு விண்ணப்பம் கொடுத்து அதையும் தொடரச் சொல்லுங்கள்.